மடியில் வைத்த லென்ஸ்

எங்கள் தெருவில் அவரை ஸ்டூடியோக்காரர் என்போம். அவர் மனைவிக்கு டச்சப் அக்கா என்று பெயர். இரண்டுமே தொழிலால் ஒட்டிக்கொண்டவை. அவர் படம் எடுப்பார். அந்தம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பருவை அழிப்பார், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைக் குறைப்பார், மாப்பிள்ளையின் தொப்பையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுவார். எங்கள் கல்யாண ஆல்பங்களில் இருக்கிற அழகில் பாதி அந்தம்மா போட்டது. யாரும் அதை வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை.

பாஸ்போர்ட் படத்துக்குப் போனால் ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையை ஒரு விரலால் நிமிர்த்தி, "மூச்சப் புடிங்க" என்பார். படத்துக்கும் மூச்சுக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்டால், "மூச்சு விட்டா தோள் ஆடும். தோள் ஆடுனா மூஞ்சி ஆடும். அப்புறம் ஏன் என் மூஞ்சி தெளிவா இல்லன்னு என்கிட்டதான சண்டைக்கு வருவீங்க" என்பார். நாமும் தண்ணீரில் முங்கப் போகிறவர் மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கிளிக். "ஆச்சு, இப்ப விடலாம்." அவர் நடந்து போகும்போது பிள்ளைகள் பின்னால் நின்று "மூச்சப் புடிங்க" என்று கத்திவிட்டு ஓடும். அவர் திரும்பாமலே "விடலாம், விடலாம்" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

மூச்சை வைத்துப் பிழைத்த வீட்டில் மூச்சுக்கே கேடு வந்தது. டச்சப் அக்காவின் நுரையீரல் நார் நாராக இறுகிக்கொண்டு வருகிறது, இனி விரியாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு தேறி வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு, வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வருகிறவர்களும் உண்டு. அந்தம்மா இரண்டாவது வகை. அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

கீழே ஸ்டூடியோ, மேலே வீடு. மேலே பின்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டில் போக மிச்சம் இருந்த இடத்தை ஆக்ஸிஜன் மெஷின் எடுத்துக்கொண்டது. ஓயாமல் உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் அந்தம்மாவின் மூக்குக்கு வரும். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி அவர்களிடம் கேட்பதைத் தெரு எப்போதோ விட்டுவிட்டது. அந்தம்மாவின் தங்கை ஒரு பேக்கரியில் ரொட்டி வெட்டிப் பொட்டலம் போடும் வேலை பார்த்தாள். விடிகாலை ஷிப்ட் முடித்து, கை மாவு வாசனையோடு நேராக இங்கே வந்துவிடுவாள். ரொட்டியின் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு, நடுப்பகுதியைப் பாலில் ஊறவைத்து அக்காவுக்கு ஊட்டுவாள். ஓரத்தை ஸ்டூடியோக்காரர் டீயில் தொட்டுத் தின்பார். அந்த வீட்டுச் சாப்பாடு அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே பெரிதாக ஒன்றும் கிடையாது. அடுத்த கட்டிடத்தின் பூசாத சுவர், அதன் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. இரண்டுக்கும் நடுவில் கையகல வானம். அந்த வானத்தில், ரயில்வே யார்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் செல்போன் கோபுரத்தின் தலை மட்டும் தெரியும். அதுவும் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தால்தான் தெரியும். எழுந்து நின்றால் தொட்டி மறைக்கும், இந்தப் பக்கம் நகர்ந்தால் சுவர் மறைக்கும். அந்தக் கோபுரத்தில் ஒரு பருந்து கூடு கட்டியிருந்தது. டச்சப் அக்கா அதற்கு மேல்வீட்டுக்காரி என்று பெயர் வைத்தார்.

"ஏங்க, மேல்வீட்டுக்காரி காலைலேருந்து போறதும் வர்றதுமா இருக்கா."

"என்ன வாங்கிட்டு வந்தா?"

"தெரியல. பை கண்ணுக்குத் தெரியல."

நாலு வார்த்தை பேசினால் ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் அந்தம்மாவுக்கு. அந்த மூச்சைப் பருந்துக்குச் செலவழித்தார். இத்தனை காலம் ஊரார் முகத்தையே பார்த்துத் தேய்ந்த கண்ணுக்கு, திருத்த வேண்டாத ஒன்றைப் பார்ப்பது பிடித்திருந்திருக்க வேண்டும்.

குஞ்சு பொரித்த பிறகு பேச்சே அதுதான்.

"ரெண்டு தலை நல்லாத் தெரியுதுங்க. மூணாவதா ஒண்ணு இருக்கு. சின்னது. அது தலையத் தூக்குறதுக்குள்ள மத்த ரெண்டும் தின்னு முடிச்சிடுதுங்க."

"நெசமாவே மூணா? குச்சியா இருக்கப் போவுது."

"குச்சி வாயத் தொறக்குமா? நேத்து பூரா காணோம். இருக்குதா போயிடுச்சான்னு தெரியல. எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அது ஒன்று மட்டும் என்று அந்தம்மா சொன்னது அவருக்குள் போய்த் தைத்துக்கொண்டது. கல்யாணம் எடுக்கும் லென்ஸை மாட்டி, தலையணைப் பக்கம் குனிந்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். அந்தம்மா லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாக்கப் பெரிதாக்க, கூடு கட்டம் கட்டமாக உடைந்தது.

"இது பருந்தா, லென்ஸ்ல இருந்த தூசியாங்க?"

யார்டு வாட்ச்மேனிடம் பைனாகுலர் இரவல் வாங்கிவந்தாள் தங்கை. அதைத் தூக்கிப் பிடிக்க அக்காவின் கையில் வலு இல்லை. மற்றவர் பிடித்தால் அக்காவின் கண்ணுக்குத் தோதாக நிற்கவில்லை. கடைசியில் வாட்ச்மேனுக்கே திரும்பிப் போனது.

"ஒரு டெலி லென்ஸ் வாங்கிடறேன்," என்றார் ஸ்டூடியோக்காரர். "காட்டுல போயி மிருகம் எடுக்கறவங்க வச்சிருப்பாங்க பாரு, அது மாதிரி. புதுசு நமக்குக் கட்டாது. பழசு கெடைக்கும்."

"மாமா, அவ மூச்சுக்குத் தவிச்சிட்டிருக்கா. நீங்க லென்ஸுக்கு அலையுறீங்க," என்றாள் தங்கை.

"மூச்சு வாங்கிக் குடுக்க முடிஞ்சா அதத்தான் வாங்குவேன், போ."

கடைவீதியில் ஒரு கட்டிடத்தின் மாடியில் பழைய லென்ஸ் கடை இருந்தது. ஈரம் ஏறாமல் இருக்கக் கண்ணாடி அலமாரிக்குள் பகலிலும் பல்பு எரியும். கடை நடத்திய அம்மாள் ஒவ்வொரு லென்ஸையும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அடியில் ஒரு கை கொடுத்துத்தான் எடுப்பார். எதை எடுக்க, எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்டார். இவர் சொன்னார்.

"யார்டுக்கு அந்தப் பக்கமா? யானை எடுக்கப் போறவங்களே இவ்வளவு தூரம் கேக்க மாட்டாங்க சார். யானை பெரிசு."

"பருந்து கூடப் பெரிசுதாம்மா. எனக்கு வேண்டியது அதோட குஞ்சு."

கடைக்கார அம்மாள் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று அறுநூறு எம்.எம். வரைக்கும் போகும் ஜூம். அதன் விலையைக் கேட்டதும் இவர் தொடாமலே தள்ளி வைத்தார். மற்ற இரண்டில் ஒன்று முந்நூறு, இன்னொன்று நானூறு. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை.

"முந்நூறுல எட்டம் கம்மி. ஆனா ஸ்டெபிலைசர் இருக்கு. கை கொஞ்சம் ஆடினாலும் அதுவே சமாளிச்சிக்கும். குஞ்சு சின்னதா விழும், ஆனா தெளிவா விழும். நானூறு பழைய மாடல். கண்ணாடி தங்கம் சார், ஃபங்கஸ் ஒரு பொட்டு இல்ல. எட்டமும் ஜாஸ்தி. ஆனா ஸ்டெபிலைசர் கெடையாது. நீங்கதான் ஆடாமப் புடிக்கணும். வெயில் நல்லா இருந்தா பிரச்சனையில்ல. மந்தாரமா இருந்தா பாத்துக்குங்க."

"என் கை ஆடாதும்மா."

"எல்லாருக்கும் வயசாகுதுல்ல சார், அதுக்குச் சொன்னேன்."

"மத்தவங்கள மூச்சப் புடிக்கச் சொல்லியே பொழச்சவன் நான். என் கைக்கு ஊன்றுகோல் வேண்டாம். நானூறக் குடுங்க."

எதிர்க்கட்டிடத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்த புறாவைக் குறிவைத்துப் பரிசோதித்தார். புறாவின் கண்ணைச் சுற்றி இருந்த சிவப்பு வளையம் வரை துல்லியமாக விழுந்தது. வெளியே நல்ல வெயில். அவருடைய முழங்கை இரண்டும் கடையின் கண்ணாடி மேசையில் ஊன்றியிருந்தன. அதை அவர் கவனிக்கவில்லை. கடைக்கார அம்மாள் கவனித்தாரோ என்னவோ, வியாபாரத்தில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கையில் இருந்த பணம் போதாமல், கல்யாணம் எடுக்கிற லென்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நானூறை வாங்கிக்கொண்டு வந்தார்.

"சோறு போடுற லென்ஸக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே மாமா," என்றாள் தங்கை.

"அவ இல்லாம நான் எந்தக் கல்யாணத்த எடுத்து யாருக்குக் குடுக்கப் போறேன்?"

தங்கை ரொட்டி வெட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

லென்ஸ் வந்த மறுநாள் வானம் மூடிக்கொண்டது. மழை பெய்து தீர்த்தாலும் பரவாயில்லை. பெய்யாமல், விடாமல், சாம்பல் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாள் கணக்கில் நின்றது. துவைத்த துணி காயாமல் வீடெல்லாம் ஊறல் வாசனை. ஸ்டூடியோக்காரர் கட்டில் விளிம்பில் ஒண்டி உட்கார்ந்து, மனைவியின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்து, நானூறைக் கையில் தூக்கிப் பிடித்துக் கிளிக் கிளிக் என்று எடுப்பார். பிறகு கீழே போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு அழிப்பார்.

"காட்டுங்களேன்."

"சரியா வரலம்மா. மந்தாரம்."

"நேத்தும் அதத்தான் சொன்னீங்க."

"பழைய லென்ஸு. உள்ள ஏதோ லூசா இருக்கும்போல. ஏமாத்திட்டா அந்தக் கடைக்காரம்மா."

"கார்டக் குடுங்க. நான் பாக்கறேன்."

அன்றைக்கு எடுத்ததை அவர் இன்னும் அழித்திருக்கவில்லை. கொடுக்காமல் இருக்க முடியவில்லை. லேப்டாப்பைத் தூக்கி மனைவியின் மடியில் வைத்தார். டச்சப் அக்கா ஒரு படத்தைத் திறந்து பெரிதாக்கினார். கோபுரத்தின் கம்பி, கூட்டின் சுள்ளி, பருந்தின் அலகு என்று எல்லாமே ஒரு பக்கமாக இழுத்து இரட்டையாகத் தெரிந்தது. அடுத்த படம். அதற்கடுத்தது. ஒவ்வொன்றையும் இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தார்.

"லென்ஸ் மேல தப்பு இல்லீங்க."

"பின்ன?"

"ஃபோகஸ் போனா எல்லாப் பக்கமும் மங்கும். இது ஒரே பக்கமா இழுத்திருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்க கைங்க."

"என் கைக்கு என்ன?"

"ஆடுதுங்க. ரொம்ப நாளா ஆடுது."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது கட்டில் விளிம்பைப் பிடித்திருந்தது. விட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? உங்க படமெல்லாம் என்கிட்டதான வரும். அந்த எலக்ட்ரீசியன் மக கல்யாணத்துலேருந்தே. ஒவ்வொண்ணா ஓரத்த சீவி, கண்ண மட்டும் தெளிவாக்கி, மிச்சத்த வேணும்னே மங்கலா விட்ட மாதிரி பண்ணிக் குடுப்பேன். ஜனங்க புது ஸ்டைலுன்னு நெனச்சிக்கிட்டாங்க."

ஒரு படத்துக்கு இவ்வளவு நேரமா என்று அவர் அந்தம்மாவைக் கடிந்துகொண்டதைத் தெருவே கேட்டிருக்கிறது. ஆல்பம் தாமதமானால் வாடிக்கையாளர் எதிரிலேயே, "இவ ஒரு ஆமை, இவளக் கட்டிக்கிட்டு நான் ஓட முடியுமா" என்பார். அந்தம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது ஒன்றுசேர்ந்து வந்து அவரைக் குத்தின. அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுதார்.

"ஏன் சொல்லல நீ?"

"சொன்னா கேமராவக் கீழ வச்சிருவீங்க. அப்புறம் நாள் முழுக்க வீட்டுல உக்காந்துகிட்டு என்ன மூச்சப் புடி, விடுன்னு உயிர எடுப்பீங்க."

அவருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "திங்கக்கெழம போயி அந்த முந்நூறையே மாத்தி வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார்.

"திங்கக்கெழமையா," என்றார் டச்சப் அக்கா. அதை எப்படிச் சொன்னார் என்றால், வெகு தூரத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெயரைச் சொல்வது போல் சொன்னார். "அலைய வேண்டாம். ஒரு ஸ்டாண்டுல வச்சா ஆடாதில்ல?"

"ஸ்டாண்டு எங்கம்மா வைக்கறது? இந்தத் தலகாணியில இருந்து பாத்தாத்தான் கூடே தெரியுது. இங்க நீ இருக்க."

"அப்ப நான்தான் ஸ்டாண்டு. என் மடில வைங்க."

தங்கை வேண்டவே வேண்டாம் என்றாள். இவ்வளவு கனத்தை அவள் மேல் வைப்பீர்களா, உங்களுக்கு என்ன புத்தி பிசகிவிட்டதா என்று மாமாவைத் திட்டினாள். "நீ தூக்கற ரொட்டி மூட்டைய விடவா இது கனம்? இரு, நீயும் பாப்ப," என்று அக்காதான் அவளை அடக்கினார். முழங்காலை மடக்கி அணைவாக வைத்து, மடியில் தடிமனான தலையணை ஒன்றைப் போட்டு, அதன் குழியில் நானூறைக் கிடத்தினார்கள். அவர் மனைவியின் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேமராவுக்குள் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் இவ்வளவு நேரம் இப்படி ஒட்டி உட்கார்ந்ததில்லை என்று பிற்பாடு தங்கை எங்களிடம் சொன்னாள்.

கை ஆடவில்லை. ஆனால் மடி ஆடியது. அந்தம்மா மூச்சை இழுத்தால் மேல்வீட்டுக்காரி கூட்டோடு மேலே போனாள். விட்டால் கீழே வந்தாள். தொட்டிலில் போட்ட மாதிரி கோபுரமே அசைந்தது.

"சொல்லுங்க, மூச்சப் புடிக்கிறேன்."

"நீ புடிக்கக் கூடாது. நீ பாட்டுக்கு விடு. நடுவுல நான் எடுத்துக்கறேன்."

மூச்சை விட்டு முடித்து, அடுத்ததை இழுப்பதற்கு முன்னால் ஒரு சிறிய இடைவெளி உண்டு. நமக்கெல்லாம் இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. அவர் அதைக் கற்றுக்கொண்டார். இழுப்பு, விடுப்பு, நிற்பு. அந்த நிற்பில் கிளிக். வெளிச்சம் போதாமல் பாதி வீணாகும். மிச்சத்தில் ஒன்றிரண்டு உருப்படியாக வந்தன. மேல்வீட்டுக்காரியின் மஞ்சள் அலகும் கோபக் கண்ணும் முதன்முதலாகத் தெளிவாக விழுந்த அன்று, டச்சப் அக்கா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம ரேஷன் கடைக்காரி மாதிரியே பாக்குறா" என்றார். இன்னொரு நாள் இரண்டு குஞ்சுகள், பஞ்சு உதிர்ந்து இறகு முளைத்த கோலத்தில் விழுந்தன. மூன்றாவது எந்தப் படத்திலும் இல்லை. அக்கா பால்ரொட்டியை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் படத்தின் மூலை முடுக்கெல்லாம் தேடுவார். ஒவ்வொரு நாளும் அந்த நிற்பு கொஞ்சம் நீண்டுகொண்டே போனது. எடுப்பதற்கு அது தோதாக இருக்கிறது என்று ஸ்டூடியோக்காரர் நினைத்தார். தோதாக இருப்பதை நினைத்து மனசு உடைந்தும் போனார். தங்கையிடம் ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாராம்:

"அவளுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. எனக்குப் படம் நல்லா வருது. என்ன பொழப்பு இது."

ஒரு காலையில் போர்வையை உதறிப் போட்டதுபோல் மேகம் விலகியது. யார்டில் தண்டவாளமெல்லாம் மின்னின. முந்தின நாளிலிருந்தே அந்தம்மா வாய் திறந்து பேசவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மெஷினை அதற்கு மேல் கூட்ட முடியாத அளவுக்குக் கூட்டியிருந்தார்கள்.

"இன்னைக்கு வேண்டாம்மா. படுத்துக்கோ."

அந்தம்மா ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"வெயில்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "வைங்க" என்றார்.

வைத்தார். தங்கை அடுப்பில் பால் வைக்கப் போனாள். அவர் தன் கன்னத்தை மனைவியின் கன்னத்தில் அழுத்திக்கொண்டு உள்ளே பார்த்தார். இப்படி ஒரு வெளிச்சத்துக்குத்தான் அந்த லென்ஸ் பிறந்திருந்தது. கம்பியில் இருந்த துருவைக்கூட எண்ணலாம். மேல்வீட்டுக்காரி எதையோ காலில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். இரண்டு தலைகள் எழுந்தன. பிறகு அவற்றுக்குப் பின்னாலிருந்து, சுள்ளியோடு சுள்ளியாகக் கிடந்த ஒன்று எழுந்து நின்றது. மெலிந்து, கழுத்து நீண்டு, ஒரு பக்க இறகு மற்றதைவிடச் சின்னதாக. அது கூட்டின் விளிம்புக்கு வந்து, காற்றில் தள்ளாடி, இரண்டு சிறகையும் விரித்தது.

"இருக்கும்மா," என்றார் அவர். "சின்னது இருக்கு. நிக்குது பாரு."

பறவை மேலே போனது, கீழே வந்தது. அவர் காத்திருந்தார். மூச்சு வெளியே வந்த சூடு அவர் காதோரம் பட்டது. பறவை நின்றது. கிளிக். இன்னும் நின்றது. கிளிக். ஆணி அடித்து மாட்டிய படம் மாதிரி, ஒரு மயிரிழை அசையாமல், சின்னது சிறகு விரித்தபடி நானூறுக்குள் நின்றது. இத்தனை நாளில் ஒருதரம்கூட அப்படி நின்றதில்லை. அவர் விரல் மறுபடி மறுபடி அமுக்கியது. தனக்காகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார்.

"நீ புடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல," என்றார், கண்ணை எடுக்காமல்.

பிறகு நிமிர்ந்து, கேமராவின் திரையை மனைவியின் பக்கமாகத் திருப்பினார். வெயில் அதில் விழாமல் ஒரு கையால் நிழல் கட்டினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. படம் நடுங்கவில்லை.

"இந்தா பாரு. நீ ஒண்ணும் சீவ வேண்டாம். அப்படியே வந்திருக்கு."

தங்கை பால் டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் திரையை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோய்க் காட்டினார்.

"ஆச்சும்மா," என்றார். "இப்ப விடலாம்."